குதிகால் நோவும் அதன் பரிகாரமும்

மக்கள் உடம்பில் மிகுதியாக உழைத்தும் மிகக் குறைவாக எண்ணப்படும் உறுப்பு யாது என வினவின், பாதம் என்பதே விடையாகும். கண்ணுக்கு மையிட்டும் கைக்கு வளையிட்டும் போற்றும் மனிதன், தன் உடற்பாரம் முழுவதையும் நடக்கத் தொடங்கிய நாள் முதல் சுமந்து வரும் குதிகாலை, அஃது நோகத் தொடங்கிய பின்னரே நினைக்கின்றான். தமிழிலே 'குதி' என்னுஞ் சொல் பெயராக நிற்குமிடத்துக் காலின் பின்புறத்தையும், வினையாக நிற்குமிடத்துத் துள்ளுதலையும் உணர்த்தும். ஆனால் குதி நோவுற்றவனுக்குத் துள்ளுதல் ஒருபுறமிருக்க, ஓரடி எடுத்து வைத்தலும் அரிதாகிவிடுகின்றது.

இந்நோவின் இயல்பைப் பெரும்பாலும் ஒரு குறியினாலேயே அறிந்து கொள்ளலாம். காலையிற் படுக்கையை விட்டெழுந்து முதலடியை ஊன்றும்பொழுது, குதியின் அடிப்பக்கத்திலே, சற்று உட்புறமாக, முள் தைத்தாற்போன்ற கூரிய வலி தோன்றும். பத்து இருபது அடி நடந்ததும் அது தணியும். நெடுநேரம் அமர்ந்திருந்து மீண்டும் எழும்பொழுது திரும்பவும் வரும். மாலையில், நின்றும் நடந்தும் களைத்த பின், ஆழ்ந்த உளைவாக நிலைபெறும். நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்டோரையே இது மிகுதியாகப் பற்றும்.

கொழும்பு மாநகரிலே இந்நோவுக்கு ஏதுவான வாழ்க்கை முறைகள் பல உள. வெள்ளவத்தையிலே காலி வீதியின் இருமருங்கிலும் உள்ள புடவைக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே சேலை விரித்துக் காட்டும் ஊழியர், கொட்டாஞ்சேனைக்கும் புறக்கோட்டைக்கும் இடைப்பட்ட வணிகத் தெருக்களில் மூட்டை சுமப்போர், வகுப்பறையிலே கரும்பலகைக்கு முன் நாள்தோறும் நிற்கும் ஆசிரியர், மாடிக் குடியிருப்புகளின் ஓடு பதித்த தரையிலே வெறுங்காலுடன் சமையல் செய்யும் இல்லத்தரசியர் ஆகியோர் யாவரும் இதற்கு இலக்காகின்றனர். ஆங்கில நாட்டார் இதனை முன்னாளிற் 'பொலிஸ்காரர் குதி' என வழங்கினர். தெருவிலே நெடுநேரம் நின்றும் நடந்தும் காவல் புரிவோருக்கு இது தொழிலுடன் வந்த நோயாகத் தோன்றியமையே அப்பெயருக்குக் காரணமாகும்.

நோயை உணர்தற்கு உறுப்பின் அமைப்பை முதலில் உணர்தல் வேண்டும். உடற்கூற்றைத் தமிழிற் கூறுதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சமூவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெரு நூலை 1872ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளியிட்டனர். ஒரு பாதத்திலே 26 என்புகள் உள்ளன. அவற்றுட் பெரியது குதி என்பு. நடக்கும்பொழுது நிலத்தில் முதலிற் படுவது இதுவே. அவ்வாறு படும் ஒவ்வொரு முறையும் உடலின் நிறைக்குச் சற்று மேற்பட்ட தாக்கமும், ஓடும்பொழுது அதனின் இரண்டு மூன்று மடங்கு தாக்கமும் பாதத்தின்மேல் ஏறுகின்றன. இத்தாக்கத்தைத் தாங்குதற்பொருட்டுக் குதி என்பின் கீழே ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள கொழுப்பு மெத்தை ஒன்றுளது. தேன்கூட்டின் அறைகள் போன்ற நார்ச்சுவர்களுக்கிடையே கொழுப்பு அடைக்கப்பட்டிருத்தலின், அது நசுங்கி விலகாது மீண்டும் மீண்டும் நிமிர்கின்றது. முதுமையில் இம்மெத்தை தன் நெகிழ்ச்சியை இழக்கும்.

குதி என்பின் அடியிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலின் நீளம் முழுவதும் வலிய நார்ப்பட்டை ஒன்று செல்கின்றது. பாதத்தின் வளைவு ஒரு வில்லெனின், இப்பட்டை அதன் நாண் எனலாம். வில்லின் மேலே பாரம் ஏறுந்தோறும் நாண் இழுபடும். நடையிலே குதி மேலெழுந்து விரல்கள் பின்னோக்கி மடங்கும்பொழுது, இப்பட்டை விரலடி என்புகளைச் சுற்றி இறுகி வளைவை உயர்த்துகின்றது. துறைமுகத்திலே கப்பலின் நங்கூரச் சங்கிலியைச் சுற்றி இழுக்கும் உருளையின் செயலோடு இதனை ஒப்பிட்டு, ஹிக்ஸ் என்பார் 1954ஆம் ஆண்டில் விளக்கினர். இதனாலேயே தளர்ந்த பாதம் உந்தும் வேளையில் உறுதியான நெம்புகோலாக மாறுகின்றது. குதியின் பின்புறத்திலே கெண்டைக்கால் தசைகளின் தடித்த நாண் வந்து பொருந்துகின்றது. கிரேக்க வீரன் அக்கிலீசின் பெயரால் வழங்கும் நாண் அதுவே. அவன் குதியில் அம்பு பட்டு மாண்டான் என்பது அந்நாட்டார் கதை. கண்ணபிரானும் வேடன் சரனின் அம்பு பாதத்திற் பட்டே உலகை நீத்தான் என மகாபாரதம் கூறும். வலியோனின் மெலிவிடம் பாதத்தில் உள்ளதென இரு நாட்டுப் புலவரும் கண்டமை வியப்புக்குரியது.

இனி, நோவு தோன்றுமாற்றை நோக்குவோம். நார்ப்பட்டை குதி என்பினைப் பற்றும் இடமே மிகுந்த இழுவைக்கு உட்படும் இடமாகும். நெடுநேரம் நிற்றல், உடல் நிறை கூடுதல், கெண்டைக்கால் தசை இறுகுதலால் கணுக்கால் மேல்நோக்கி மடங்காமை, ஒரு நாள் இருநாளிலே வழக்கத்தை மீறி நடத்தல் என்பன அவ்விடத்து இழைகளைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. உடல் அவற்றைச் செப்பனிடும் விரைவினும் சிதைவின் விரைவு மிகுமாயின் நோவு நிலைபெறும். இரவிலே துயிலும்பொழுது பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடத்தலின் பட்டை சுருங்கியிருக்கும். விடியலில் முதலடி வைத்ததும் அது திடீரென நீட்டப்படுகின்றது. காலையில் முதலடி கொடிதாதற்குக் காரணம் இதுவெனக் கருதப்படுகின்றது.

இந்நோயை மருத்துவர் நெடுங்காலம் 'அழற்சி' என்றே கருதிப் பெயரிட்டனர். ஆயின், சத்திர சிகிச்சையின்போது எடுக்கப்பட்ட ஐம்பது பேருடைய இழையங்களை ஆராய்ந்த லெமொன்ற் என்பாரும் பிறரும், ஆங்கு அழற்சிக்குரிய குறிகள் இல்லை என்றும், தேய்வுக்குரிய குறிகளே காணப்பட்டன என்றும் 2003ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. நாள்பட்ட நோவில், அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகள் வலியைச் சில நாள் மறைக்குமேயன்றித் தேய்ந்த பட்டையை வலுப்படுத்தமாட்டா என்பது இதனாற் பெறப்படும். அம்மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்ளுதல் இரைப்பைக்கும் சிறுநீரகத்திற்கும் ஊறு விளைத்தலும் கூடும்.

மற்றொரு தவறான எண்ணமும் மக்களிடையே ஆழப் பதிந்துள்ளது. குதியிலே 'முள் வளர்ந்துவிட்டது' என்பதே அது. எக்ஸ் கதிர்கள் 1895இல் கண்டறியப்பட்ட பின், குதி என்பின் அடியிலே முன்னோக்கி நீண்ட சிறு என்பு முனை சிலரிடம் காணப்பட்டது. பிளெட்னர் என்னும் யேர்மனியர் 1900ஆம் ஆண்டிலே அதனைக் குதிமுள் எனப் பெயரிட்டு விவரித்தார். நோவுடையோர் பலரிடம் அது காணப்படவே, அம்முள் தசையைக் குத்துதலினாற்றான் நோவு உண்டாகின்றதென யாவரும் நம்பினர். ஆயின், நோவு சிறிதுமில்லாதோரிடத்தும் இம்முனை காணப்படுகின்றது. கடும் நோவுடையோர் சிலரிடத்து அது காணப்படுவதில்லை. நோவு முற்றாக நீங்கிய பின்னரும் முனை அங்ஙனமே இருக்கின்றது. ஆதலின் அது நோவின் காரணமன்று. நெடுநாள் தாக்கத்திற்கு உடல் காட்டிய அடையாளம் என்பதே பொருந்தும்.

நம் பண்டைய மருத்துவரும் முள்ளைச் சுட்டியே பெயரிட்டனர். சுசுருத சங்கிதை, பாதத்தை ஒழுங்கின்றி ஊன்றுதலால் வாதம் சீற்றமுற்றுக் காலைச் சார்ந்து நோவு செய்யும் நோயினை 'வாதகண்டகம்' எனக் கூறுகின்றது. 'கண்டகம்' என்பது முள். சித்த மருத்துவர் குதிகால் வாதம் என வழங்குவர். பண்டையோர் கூறிய முள், வலியின் தன்மையை விளக்க வந்த உவமை. எக்ஸ் கதிர்ப் படத்திலே முள் போன்றதொன்றைக் கண்டவர், உவமையையே பொருளாகக் கொண்டுவிட்டனர். அதன் பயனாக, வெட்ட வேண்டாத முள்ளை வெட்டுவித்தோரும், முள் உள்ளவரை நோவு தீராதென மனந்தளர்ந்தோரும் பலராவர்.

பரிகாரங்களுள் முதலாவது பாரத்தைக் குறைத்தல். முற்றும் படுத்திருத்தல் வேண்டுவதன்று. நோவு மிகாத அளவுக்கு நடத்தலும், இடையிடையே அமர்தலும் போதியன. கல்லிலும் சீமெந்திலும் ஓட்டிலும் வெறுங்காலுடன் நெடுநேரம் நிற்றலைத் தவிர்த்தல் வேண்டும். தேய்ந்து தட்டையான றப்பர்ச் செருப்பு வெறுங்காலினும் சிறந்ததன்று. குதியின் கீழே மென்மையும், உள்வளைவின் கீழே தாங்கலும் உள்ள செருப்பை வீட்டினுள்ளும் அணிதல் நலம். கோயில்களிலே இது இயலாது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் போன்ற தலங்களில் வலம் வருவோரும், ஆடிவேல் விழாவிலே தேருடன் நடப்போரும், வடக்கிலிருந்து கதிர்காமத்திற்குப் பல வாரம் கால்நடையாகச் செல்வோரும் காலணியைத் துறந்தே செல்வர். நடைக்குப் பழகாத கால் ஒரே நாளில் நெடுந்தூரம் செல்லும்பொழுதே துன்பம் மிகும். யாத்திரைக்குச் சில வாரங்களின் முன்னரே நாள்தோறும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டிக் காலைப் பழக்குதல், நேர்த்திக் கடனைக் குறைவின்றி நிறைவேற்றவும் உதவும்.

இரண்டாவது, நீட்டற் பயிற்சி. காலையிற் படுக்கையிலிருந்து இறங்கு முன்னரே, நோவுள்ள காலை மற்றைத் தொடையின்மேல் வைத்து, கைகளாற் கால்விரல்களைப் பற்றி முழந்தாளை நோக்கிப் பின்னே மடக்குக. உள்ளங்காற் பட்டை நாண் போல் இறுகுவதை மறுகையாற் றொட்டு உணரலாம். பத்து எண்ணும் வரை பிடித்து விடுக. இவ்வாறு பத்து முறை, நாளொன்றுக்கு மூன்று வேளை செய்தல் வேண்டும். முதலடிக்கு முன் செய்வதே இதில் இன்றியமையாதது. அதனுடன், சுவரிலே கைகளை ஊன்றி, நோவுள்ள காலைப் பின்னே நீட்டி, குதியை நிலத்தினின்றும் எடுக்காது முன்னே சாய்ந்து கெண்டைக்கால் தசையையும் நீட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, வலுவூட்டும் பயிற்சி. டென்மார்க்கு நாட்டில் இரத்லெவ் என்பாரும் பிறரும் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதன் பயன் காட்டப்பட்டது. படிக்கட்டின் விளிம்பிலே பாதத்தின் முற்பகுதியை ஊன்றி, விரல்களின் கீழே சுருட்டிய துவாயொன்றை வைத்து, மூன்று விநாடியிற் குதியை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குதல் வேண்டும். இதனை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்க. ஒரு காலிற் செய்ய இயலாதோர் இரு கால்களாலும் தொடங்கலாம். நோவுற்ற பட்டைக்கு ஓய்வே மருந்தெனக் கருதிய காலம் போய், அளவறிந்து பாரமேற்றலே அதனை உறுதியாக்கும் எனக் கொள்ளுங் காலம் வந்துள்ளது. இவையன்றி, நீர் நிரப்பிக் குளிரச் செய்த போத்தலை உள்ளங்காலின் கீழே உருட்டுதலும், தக்கோர் கட்டும் பட்டிக்கட்டும், சப்பாத்தினுள் வைக்கும் மெத்தையும் சிலருக்கு ஆறுதல் தரும்.

இவற்றை ஒழுங்காகச் செய்வோரிற் பத்தில் எண்மருக்கு மேற்பட்டோர் ஓராண்டினுள் சத்திர சிகிச்சையின்றியே நலம் பெறுவர். ஓராண்டு என்பது நீண்ட காலமே. ஆயினும் அதனை முன்னரே அறிந்தவர், இரு வாரத்தில் நோவு தீரவில்லையென்று வைத்தியரை மாற்றி மாற்றி அலையமாட்டார். குதியில் ஏற்றும் ஸ்ரீரொயிட் ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். ஆயின், அதனைப் பலமுறை ஏற்றின் நார்ப்பட்டை அறுதலும், குதியின் கொழுப்பு மெத்தை மெலிதலும் நேரக்கூடும். பயிற்சிகளாற் பயன் பெறாதோருக்கு அதிர்வலைச் சிகிச்சையும், அரிதாகச் சத்திர சிகிச்சையும் உண்டு.

ஈண்டு நம்மவரின் வீட்டு வைத்தியம் ஒன்றைப் பற்றிக் கூறாதிருத்தல் தகாது. செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, குதியை அதன்மேல் அழுத்தி ஒற்றடம் கொள்ளுதல் தமிழரிடையே நெடுங்கால வழக்கு. இளஞ்சூடு தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி ஆறுதல் அளித்தல் உண்மையே. ஆயின், நீரிழிவு நோயுடையோர் இதனை ஒருபோதும் செய்தலாகாது. பல்லாண்டு நீரிழிவினாற் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் கெடுதலின், கல் எத்துணைச் சூடுடையதென அவர் அறியார். தோல் வெந்து கொப்புளித்த பின்னரே காண்பர். குருதியோட்டமும் குறைந்திருத்தலின் அப்புண் ஆறாது அழுகி, விரலையோ பாதத்தையோ வெட்டி நீக்க வேண்டிய நிலைக்குக் கொண்டு செல்லவும் கூடும். குதி நோவுக்குச் செய்த பரிகாரம் காலையே கவர்ந்து கொள்ளுதல் எத்துணைக் கொடிது! வெந்நீரில் கால் வைத்தலும் பனிக்கட்டி வைத்தலும் இத்தகையோருக்கு ஒப்பத் தீயனவே. நகரங்களில் நீரிழிவு பெருகியுள்ள இந்நாளில், வீட்டு முதியவருக்கு ஒற்றடம் கொடுக்கு முன் அவருடைய நோய் வரலாற்றை நினைத்தல் பிள்ளைகளின் கடனாகும்.

குதியில் வரும் நோவு யாவும் நார்ப்பட்டையின் நோவுமன்று. குதியின் பின்புறத்தில் நோகின் கெண்டைக்கால் நாணையும், எரிவும் விறைப்பும் உளவாயின் நரம்பையும் ஐயுறல் வேண்டும். குதியை இருபுறமும் பிடித்து நசுக்கும்பொழுது கடுநோவு தோன்றின், அது என்பின் நுண்முறிவாக இருத்தல் கூடும். இளைஞர் ஒருவருக்கு இரு குதிகளும் நொந்து, விடியலில் முதுகும் நெடுநேரம் விறைத்திருப்பின், அது முள்ளந்தண்டைப் பற்றும் வாத நோயின் முன்னறிவிப்பாகலாம். உயரத்திலிருந்து குதி ஊன்ற விழுந்தோரும், வீக்கமும் காய்ச்சலும் உடையோரும், கிடந்த நிலையிலும் இரவிலும் ஓயாத நோவுடையோரும், நீரிழிவுடையோரும் காலந் தாழ்த்தாது வைத்தியரை நாடுதல் வேண்டும்.

மாணவரைப் பற்றியும் ஒரு சொல். எட்டு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள், இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஓட்டப் பயிற்சிக் காலத்திலே குதி நோகின்றதெனக் கூறுவதுண்டு. குதி என்பின் வளரும் பகுதி இன்னும் முற்றாது, கெண்டைக்கால் நாணின் இழுவைக்கு உட்படுதலே இதன் காரணம். செவர் என்னும் அமெரிக்க வைத்தியர் 1912ஆம் ஆண்டிலே இதனை விவரித்தார். என்பு முற்றியதும் இது தானே நீங்கும். ஆகவே அப்பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்து மேலும் ஓடச் செய்தலும் தவறு. ஊனமுற்றான் என்று அஞ்சி விளையாட்டை முற்றாக விலக்குதலும் தவறு. சில வாரம் ஓட்டத்தைக் குறைத்து, சப்பாத்தின் குதிப்பகுதியிற் சிறு மெத்தை வைத்தல் பெரும்பாலும் போதியதாகும்.

இறுதியாக, இந்நோவைத் தனி மனிதனின் குறையாக மட்டும் கருதுதல் நேர்மையன்று. நீட்டற் பயிற்சியை நாள்தோறும் மூன்று வேளை செய்தாலும், பத்து மணி நேரம் இருக்கையின்றி நிற்கும் கடைப் பெண்ணின் குதி எங்ஙனம் ஆறும்? கேரள மாநிலத்தில் 2018ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டிலும் கடை ஊழியருக்கு இருக்கை அளித்தல் வேண்டுமெனச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்முன் நெடுங்காலம் புடவைக் கடைகளிற் பணி புரிந்த பெண்கள் சுவரிற் சாய்தற்கும் அஞ்சி நின்றனர். சட்டம் வருமளவும் காத்திராமல், கடை உரிமையாளர் ஒவ்வொரு விற்பனை மேசைக்கும் பின்னே ஒரு முக்காலியை வைத்தல் கூடும். பாடசாலை அதிபர், ஆசிரியர் அமர்ந்து கற்பித்தலை மடிமை என எண்ணாதிருத்தல் கூடும். சமையலறையிலே காய்கறி அரிபவருக்குப் பிள்ளை ஒருவன் ஓர் இருக்கையை எடுத்து வைத்தல் கூடும். இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. இவற்றால் விலகும் நோவு பெரிது.